குடலுக்குப் போகும் இரத்தம் அடைபட்டால்: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நடு இரவில் ஒருவருக்கு வயிறு குத்தத் தொடங்குகிறது. புரண்டு புரண்டு துடிக்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது. ஆனால் வயிற்றில் கைவைத்து அமுக்கிப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து "காஸ்ற்றிக்" என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு ஓமெப்ரசோல், ஒரு கோப்பை இஞ்சிப் பிளேன்ரீ, மிச்சத்தை விடிந்தால் பார்ப்போம். அநேக வயிற்றுக் குத்துகளுக்கு இது போதும். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டவருக்கு, விடியும்போது குடல் செத்திருக்கும்.

இது அடிக்கடி வரும் வருத்தம் இல்லை. அதனால்தான் வீட்டிலும் ஓபிடியிலும் கடைசியாக நினைவுக்கு வருகிறது. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, கந்தளாய், நகரம் என்று எங்கே இருந்தாலும், எப்போது வெளிக்கிட வேண்டும், எந்தக் கடதாசி வேண்டும், வைத்தியரிடம் எதைச் சொல்ல வேண்டும், எங்கே காசு போகும், வீட்டுக்கு வந்த பிறகு எது பிழையாகும் என்பதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறோம். மருந்தும் சிகிச்சையும் வைத்தியரின் முடிவு. நேரத்தோடு அவர் முன்னால் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது உங்கள் வேலை.

1. முதலில் குழாய்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முள்ளந்தண்டுக்கு முன்னால் இறங்கும் பெருநாடியில் இருந்து வயிற்று உறுப்புகளுக்கு மூன்று கிளைகள் பிரிகின்றன. மேலே இருப்பது சீலியாக் தண்டு. இரைப்பை, ஈரல், மண்ணீரல் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குச் சற்றுக் கீழே மேல் குடல் நாடி. வார்ட்டில் இதை எஸ்எம்ஏ என்பார்கள். முன்சிறுகுடலின் பின்பகுதியில் தொடங்கி, மிச்சச் சிறுகுடல் முழுவதும், குடல்வால், வலப்பக்கப் பெருங்குடல், குறுக்குப் பெருங்குடலில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்த ஒரு நாடிதான் ஊட்டுகிறது. மூன்றாவது கீழ் குடல் நாடி, ஐஎம்ஏ. மிச்சப் பெருங்குடலும் மலக்குடலின் மேற்பகுதியும் அதற்கு.

ஓய்வாகப் படுத்திருக்கும்போதே இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டால் இன்னும் கூடும். நாடியின் கிளைகள் குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்புக்குள் வளைவு வளைவாக ஒன்றோடொன்று கோர்த்து, கடைசியில் நேர்க் குழாய்களாகக் குடல் சுவருக்குள் இறங்குகின்றன. பெருங்குடலின் ஓரமாக ஓடும் ஒரு நாடி எஸ்எம்ஏயையும் ஐஎம்ஏயையும் இணைக்கிறது. ஆகவே ஒரு குழாய் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கினால் மற்றவை ஈடுகொடுக்கப் பழகிவிடும். சடுதியாக அடைத்தால் அதற்கு அவகாசம் இல்லை.

மண்ணீரலுக்குப் பக்கத்தில் பெருங்குடல் திரும்பும் வளைவு இரண்டு நாடிகளின் எல்லையில் இருக்கிறது. கந்தளாய்க் குளத்து வாய்க்காலின் கடைசி வயல் மாதிரி, வரத்துக் குறைந்தால் முதலில் வாடுவது அந்த இடம். பிரஷர் மிகவும் விழுந்த முதியவர்களுக்கு இடப்பக்கம் நோவெடுத்து, இரத்தம் கலந்து மலம் போவதற்கு இது ஒரு காரணம்.

திரும்பி வரும் வழி வேறு. மேல் குடல் நாளம், எஸ்எம்வி, நாடிக்கு வலப்பக்கமாக ஏறி, சதையியின் கழுத்துக்குப் பின்னால் மண்ணீரல் நாளத்தோடு சேர்ந்து ஈரல் வாயினாளம் ஆகிறது. கீழ் குடல் நாளம் பெரும்பாலும் மண்ணீரல் நாளத்துக்குள் வந்து விழுகிறது. குடலில் இருந்து வரும் இரத்தம் எல்லாம் ஈரலுக்குள் புகுந்து வெளியேறித்தான் இதயத்துக்குப் போகும். ஈரல் இறுகிச் சிரோசிஸ் ஆனவருக்கு இந்த வழியில் ஓட்டம் மந்தமாகும். அங்கே இரத்தம் உறைந்து நாளம் அடைபடலாம்.

2. எந்த வலி எந்தக் குழாய்

சடுதியாக, மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லக்கூடிய மாதிரித் தொடங்கும் கடும் குத்து, கூடவே சத்தி அல்லது ஒரு தரம் வயிற்றோட்டம், வயிறு மட்டும் மெத்தென்று: இது நாடியில் இரத்தக் கட்டி சிக்கியதன் அடையாளம். எஸ்எம்ஏ பெருநாடியில் இருந்து கீழ்நோக்கிச் சாய்வாகப் பிரிவதால், இதயத்தில் இருந்து உதிரும் உறைகட்டி அதற்குள் இலகுவாக நுழைந்துவிடும். பெரும்பாலும் வாயிலில் நிற்காது. சில சென்ரிமீற்றர் உள்ளே போய், நடுப் பெருங்குடல் கிளையைத் தாண்டிய இடத்தில் சிக்கும். இதயம் தாறுமாறாகத் துடிப்பவர், வால்வு வருத்தக்காரர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் மாத்திரையை நிறுத்தியவர், முன்பு பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு இந்த வலி வந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

வயிறு ஏன் மெத்தென்று இருக்கிறது? இரத்தம் நின்றால் முதலில் சாவது குடலின் உட்படை. வலி அங்கிருந்து வருகிறது. வெளிப்படைக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் கேடு பரவிய பிறகுதான் வயிறு பலகை மாதிரி இறுகும். ஆறு மணி நேரத்திலேயே சுவர் முழுத் தடிப்புக்கும் செத்துவிடக்கூடும். வயிறு இறுகட்டும், இரத்தமாகப் போகட்டும் என்று காத்திருப்பவர் அந்த ஆறு மணி நேரத்தையும் தொலைக்கிறார். நடுவில் வலி கொஞ்சம் தணியலாம். அது சுகம் என்று நம்பிவிடாதீர்கள். நரம்பும் சேர்ந்து சாகும்போது வலி தணியும்.

சாப்பிட்டு அரை மணி நேரம் அளவில் வயிறு பிசைந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கி, அடுத்த சாப்பாட்டுக்கு மறுபடி வருவது இன்னொரு வகை. ஆள் சாப்பாட்டுக்குப் பயந்து கோப்பையைத் தள்ளிவைப்பார், மெலிவார். நாடிகள் கொழுப்புப் படிந்து சுருங்கியதால் வரும் வருத்தம் இது. பெரும்பாலும் நெடுங்காலம் சிகரட், பீடி குடித்தவர்கள். இதற்கு அன்றிரவே ஓடத் தேவையில்லை. ஆனால் மாதக்கணக்கில் என்டொஸ்கொபியும் காஸ்ற்றிக் மருந்துமாக இழுபடாமல், சத்திரசிகிச்சை கிளினிக்கில் "சாப்பிட்டால்தான் வலிக்குது, இத்தனை கிலோ குறைஞ்சிருக்கு" என்று நிறையை எழுதிக் காட்டுங்கள். இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வலி அடங்காமல் நின்றுவிட்டால், அது முதல் வகையாக மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளம் அடைபட்டால் வலி மெதுவாக, இரண்டு மூன்று நாளில் இருந்து கிழமைக் கணக்கு வரை, மந்தமாக ஏறும். வயிறு ஊதும், சாப்பிட மனம் வராது. சிரோசிஸ், சதையி அழற்சி, வயிற்றில் அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை, புற்றுநோய், கருத்தடை மாத்திரை, இரத்தம் இலகுவில் உறையும் பரம்பரைக் குணம் ஆகியவை காரணமாகலாம். இளம் ஆட்களுக்கும் வரும்.

3. வீட்டை விட்டு வெளிக்கிடும் முன், பத்து நிமிடத்துக்குள்

1990க்கு எடுங்கள். அழைப்பும் அம்புலன்சும் இலவசம். ஊர்ப் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை ஒன்றையும் சொல்லுங்கள்.

வலி தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிறகு நாலு பேர் நாலு நேரம் சொல்வார்கள்.

வாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், தண்ணீர்கூட. சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டி வந்தால் வெறும் வயிறு உயிரைக் காக்கும். பாமசியில் டைக்ளோபெனக் என்ற வலி மருந்தை வாங்கிப் போடாதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்கானுக்கு ஏற்றும் மருந்தையும் அதே சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வார்ட்டில் வலிக்கு ஊசி போட்டால் பயப்பட வேண்டாம், அதனால் வருத்தம் மறைந்துபோகாது.

எங்கே போவது? ஆள் தெளிவாக இருந்து, நகரம் எட்டும் தூரத்தில் என்றால், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேரே போங்கள். மயங்குகிறார், கைகால் குளிர்ந்துவிட்டது என்றால் மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை என்று அருகில் உள்ள ஆதார வைத்தியசாலைக்கு முதலில் போய்ச் சேலைன் ஏற்றி, அங்கிருந்து அவர்களின் அம்புலன்சில் போவதுதான் பாதுகாப்பு.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பெரிய டொக்டர் சனலிங்குக்கு வருகிறார் என்று நம்பர் எடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்த வருத்தத்தில் ஆட்கள் அதிகம் நேரத்தைப் பறிகொடுக்கும் இடம் அதுதான்.

4. கொண்டுபோக வேண்டியவை

அடையாள அட்டை. கிளினிக் கொப்பி. பழைய டயக்னோசிஸ் காட். பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போட். வோபரின் குடிப்பவரானால் ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) எழுதும் புத்தகம். குடிக்கும் மருந்துகளைப் பட்டியல் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள், மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். அதில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும்.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆள் வேறு மாவட்டத்துக்கு மாறும்போது கொப்பி பழைய வார்ட்டிலேயே தங்கிவிடுவது உண்டு. அடையாள அட்டையின் பிரதி மூன்று நாலு எடுத்து வையுங்கள், உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும்.

அடையாள அட்டையிலும் கிளினிக் கொப்பியிலும் ஆங்கில எழுத்தில் பெயர் வேறு வேறாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். ஒரு எழுத்து மாறினாலும் காசு கோரும்போது கடிதம் கேட்பார்கள். அனுமதிக்கும்போதே அடையாள அட்டையைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

5. அனுமதிக்கும் இடத்தில் என்ன சொல்வது

வைத்தியர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. ஒருவர் மட்டும் பேசுங்கள். இந்த மாதிரி:

"ராத்திரி பதினொண்டேகாலுக்குச் சடுதியா குத்தத் தொடங்கினது டொக்டர். ரெண்டு தரம் சத்தி, ஒருக்கா வயித்தோட்டம். இதயம் ஒழுங்கில்லாமத் துடிக்கிற வருத்தம் இருக்கு. வோபரின் குடிச்சவர், ரெண்டு கிழமையா நிப்பாட்டிட்டார். வயிறு மெத்தெண்டுதான் இருக்கு, ஆனா வலி தாங்கேலாம இருக்கு. குடலுக்குப் போற நாடி அடைச்சிருக்குமோ?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வைத்தியருக்குப் பாடம் எடுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச வேண்டாம். நெரிசலான ஓபிடியில் அந்த ஒரு கேள்வி சிந்தனையைத் திருப்பும்.

மறைக்கப்படும் விசயங்கள்தான் இங்கே ஆபத்து. காசு இல்லாமல் மாத்திரையை நிறுத்தியது, நாட்டு மருந்து குடித்தது, குடிப்பழக்கம், கருத்தடை மாத்திரை. மாமனார், மைத்துனர் நிற்கும் இடத்தில் ஒரு பெண் கருத்தடை மாத்திரையைப் பற்றிச் சொல்ல மாட்டார். ஆட்களை ஒரு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு அவரே சொல்லட்டும்.

ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பார்க்கும் லக்டேட் அளவு சாதாரணமாக இருக்கலாம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் குடலுக்குள் இருக்கும் வாயு குழாயை மறைத்துவிடும். "ஸ்கான் கிளியர், வீட்டை போகலாம்" என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கான் என்று கேளுங்கள். வலி நிற்காத ஆளை அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம்.

6. சிடி ஸ்கான்

இந்த வருத்தத்தைப் பிடிப்பது குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி மெசென்டெரிக் ஆஞ்சியோகிராம். நாடியில் மருந்து ஓடும் நேரத்தில் ஒரு தடவையும், அது நாளத்துக்குத் திரும்பும் நேரத்தில் இன்னொரு தடவையும் படம் எடுப்பார்கள். மருந்து ஏற்றாத வெறும் சிடியில் அடைப்பு பெரும்பாலும் தெரியாது. வெளியே காசு கட்டி எடுப்பவர்கள் "வயிற்றுச் சிடி" என்று மட்டும் கேட்டு, வெறும் ஸ்கானோடு திரும்பி, மறுபடி காசு கட்டுகிறார்கள். வைத்தியர் தரும் துண்டில் ஆஞ்சியோகிராம் என்றும், நாடி, நாளம் இரண்டு கட்டங்களும் என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். வாயால் குடிக்கும் வெள்ளை மருந்து இதற்கு வேண்டாம், அது குழாய்களை மறைக்கும்.

கையில் போட்டிருக்கும் ஊசி முக்கியம். மருந்தை வேகமாகத் தள்ளுவதால் முழங்கை மடிப்பில், தடித்த கனுலா வேண்டும். புறங்கையில் மெல்லியதாக இருந்தால் ஸ்கான் அறையில் வைத்து மறுபடி குத்துவார்கள், நேரம் போகும். வார்ட்டிலேயே மிஸ்ஸியிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடேறி, சிறுநீர் போன மாதிரி இருக்கும். ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். ஸ்கான் சில நிமிட வேலைதான்.

சிறுநீரகத்துக்கு கிரியட்டினின் பார்ப்பார்கள். ஆனால் குடல் சாகிறது என்ற சந்தேகம் பலமாக இருந்தால் அந்த ரிப்போட்டுக்காக ஸ்கானைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய வழக்கம். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிப்பவரானால் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கானுக்குப் பின் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதற்காக ஸ்கானை மறுக்காதீர்கள். கடலுணவு ஒவ்வாமைக்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பு இதே மருந்து ஏற்றி உடம்பு தடித்தது, மூச்சு இளைத்தது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

7. வேறு வைத்தியசாலைக்கு மாற்றினால்

குருதிக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் எல்லா மாவட்டத்திலும் இல்லை. ஆகவே அநுராதபுரம், கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று எங்காவது மாற்றலாம். கண்டி 180 கிலோமீற்றர் அளவு. அரச அம்புலன்சில் போவதற்குக் காசு இல்லை. வெளிக்கிடும் முன் மூன்று விசயம் பாருங்கள்: அங்கே வைத்தியரோடு பேசி இடம் உறுதியாகிவிட்டதா, ஸ்கான் படம் சீடித் தட்டாகவோ வேறு வழியிலோ கூடப் போகிறதா, உறைதலைத் தடுக்கும் ஹெபரின் ஊசி தொடங்கிய நேரம் கடிதத்தில் இருக்கிறதா. ரிப்போட் மட்டும் போய்ப் படம் போகாவிட்டால் அங்கே மறுபடி ஸ்கான் எடுப்பார்கள்.

சிங்களம் பேசக்கூடிய ஒருவரைக் கூட அனுப்புங்கள். அநுராதபுரத்திலும் கண்டியிலும் இரவு இரண்டு மணிக்கு, சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும் நேரத்தில், மொழிபெயர்க்க ஆள் தேடக் கூடாது.

8. சத்திரசிகிச்சை

கட்டியை எடுத்து ஓட்டத்தைத் திருப்புவது, செத்த குடலை வெட்டுவது இரண்டும் ஒரே மேசையில் நடக்கலாம். எது செத்தது, எது பிழைக்கும் என்று அன்றே தீர்மானிக்க முடியாவிட்டால், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பார்கள். முதல் சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டது என்று அதை நினைத்து வார்ட்டில் சண்டை பிடிக்காதீர்கள். அது திட்டமிட்டுச் செய்வது. வயிற்றில் மலம் சேரும் பை வைக்கக்கூடும் என்பதையும் கையெழுத்து வைக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவும் செய்தும் நாடி அடைபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை, பிந்தி வந்தவர்களில் இன்னும் அதிகம்.

நாளம் அடைபட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே சிகிச்சை.

9. காசு

அரச வைத்தியசாலையில் அனுமதி, ஸ்கான், சத்திரசிகிச்சை, அதிதீவிர சிகிச்சை எதற்கும் கட்டணம் இல்லை. இரத்தம் ஏற்றினாலும் அப்படித்தான். காசு போவது வேறு வழிகளில்: கூட நிற்பவரின் சாப்பாடும் தங்கலும், பஸ், வான், கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவது, பிறகு வயிற்றுப் பை. தனியார் வைத்தியசாலையில் தொடங்குவதானால், முற்பணம் கட்டும் முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது சத்திரசிகிச்சையும் அதிதீவிர சிகிச்சையும் அதில் இருக்கிறதா பாருங்கள். பாதியில் காசு முடிந்து அரச வைத்தியசாலைக்கு மாற்றுவதில் போகும் மணித்தியாலங்களை ஈடுகட்ட முடியாது.

ஒரு செலவை மட்டும் நிச்சயம் தள்ளிப்போடலாம். "ஏன் உறைந்தது என்று பார்ப்போம்" என்று வெளி லாபில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் பரிசோதனைகளை உடனே செய்யாதீர்கள். புதிதாகக் கட்டி உறைந்திருக்கும்போதும் வோபரின் குடிக்கும்போதும் இவை பொய்யாகக் குறைந்து காட்டும். எப்போது செய்வது என்று வைத்தியர் சொல்லட்டும். ஜாக்2 என்ற மரபணுப் பரிசோதனையை மருந்து மாற்றாது, அதை எப்போதும் செய்யலாம்.

அரச ஊழியர் குடும்பமானால் அக்ரஹார காப்புறுதி இருக்கும். மற்றவர்கள் ஜனாதிபதி நிதியத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், காசு செலவழிக்கும் முன்பே. இரண்டுக்கும் அசல் பற்றுச்சீட்டும் டயக்னோசிஸ் காட்டும் உயிர்நாடி. வெயிலில் மங்கும் வெப்பத் தாள் பற்றுச்சீட்டை அன்றே பிரதி எடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு: வோபரின்

வோபரின் வேலை செய்யத் தொடங்க நாட்கள் எடுக்கும். அதனால் குறைந்தது ஐந்து நாட்கள், ஐ.என்.ஆர் 2ஐத் தாண்டி நிலைக்கும் வரை, ஹெபரின் வகை ஊசியும் கூடவே போகும். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று அதற்கு முன் கையெழுத்து வைத்துவிட்டுக் கூட்டிவந்தால் மறுபடி உறையும்.

ஐ.என்.ஆர் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உங்கள் ஆளுக்கு வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே. ஆரம்பத்தில் சில நாட்களுக்கு ஒரு தடவை, பிறகு கிழமைக்கு ஒன்று, நிலைத்த பின் மாதத்துக்கு ஒன்று அளவில் பார்ப்பார்கள். மாத்திரை 1, 3, 5 மில்லிகிராமில் வரும். பாமசி மாறும்போது நிறத்தையும் உருவத்தையும் நம்பாமல் அட்டையில் மில்லிகிராமை வாசியுங்கள். மூன்றுக்குப் பதில் ஐந்தைக் குடிப்பது இந்த மருந்தில் நடக்கும் மோசமான பிழை.

தினமும் பின்னேரம் ஒரே நேரம். மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தால் குடியுங்கள், மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துக் குடிக்கவே வேண்டாம். நோன்பு பிடிப்பவர்கள் நோன்பு திறந்த பிறகு குடிப்பது வசதி. ஆனால் உடம்பில் நீர் வற்றுவது உறைதலுக்குத் துணைபோகும் என்பதால், குடல் வெட்டியவரும் நாளம் அடைபட்டவரும் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

முருங்கைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாவற்றிலும் விட்டமின் கே நிறைய இருக்கிறது. கீரையை நிறுத்தத் தேவையில்லை. கிழமைக்கு எவ்வளவு சாப்பிட்டீர்களோ அதே அளவு போகட்டும். ஒரு மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து, பிறகு தினமும் வறை, சுண்டல் என்று மாறினால் ஐ.என்.ஆர் விழும். மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்துகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டைக்ளோபெனக், இபுபுரோபன் இரத்தம் கசியச் செய்யும். பல் பிடுங்கும்போதும் தசையில் ஊசி போடும்போதும் "வோபரின் குடிக்கிறன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிள்ளை தங்கும் வயதில் உள்ள பெண் உடனே வைத்தியரோடு பேச வேண்டும், கருவுக்கு இது கேடு.

ரிவரொக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர் தேவையில்லை. விலை கூட. செயற்கை உலோக வால்வு உள்ளவருக்கும் இதயத்தின் மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் இவை ஆகாது. ரிவரொக்சபானில் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும். வாங்கக் காசு இல்லாமல் ஒரு நாள் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும். மாதா மாதம் வாங்க முடியுமா என்று யோசித்து, முடியாது என்றால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லி வோபரினிலேயே இருங்கள்.

நாளம் அடைபட்டவருக்கு மருந்து மூன்று முதல் ஆறு மாதம், காரணம் நீங்காதவருக்கு ஆயுள் முழுக்க. வலி போய்விட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

11. குடல் வெட்டியவருக்கு

டயக்னோசிஸ் காட்டில் எத்தனை சென்ரிமீற்றர் வெட்டினார்கள், எவ்வளவு மிச்சம், சிறுகுடலின் கடைசிப் பகுதி இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். இதைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம். பிறகு எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் இதைத்தான் தேடுவார். சிறுகுடல் 200 சென்ரிமீற்றருக்குக் குறைவாக மிஞ்சினால் சத்துச் சேராது, தனிக் கவனிப்பு வேண்டும். கடைசிப் பகுதி கணிசமாகப் போனால் பி12 ஊசி காலம் முழுக்கத் தேவைப்படலாம்.

பை வைத்தவருக்கு நீர் வற்றுவதுதான் பெரிய எதிரி. பையில் வருவதை அளந்து எழுதுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்கு மேல் போனால் அன்றே வைத்தியசாலை. தாகத்துக்கு வெறும் தண்ணீரையும் இளநீரையும் குடம் குடமாகக் கொடுத்தால் உப்பை இழுத்துக்கொண்டு இன்னும் கூடப் போகும். ஜீவனிப் பைக்கற்றை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீரைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

12. உடனே திரும்பி ஓட வேண்டிய அடையாளங்கள்

முன்பு வந்த அதே வலி ஒரு மணி நேரத்தில் அடங்காமல் நிற்பது. மலம் தார் மாதிரிக் கறுப்பாக அல்லது இரத்தமாகப் போவது. பைக்குள் தெரியும் குடல் வாய் சிவப்பு மாறி ஊதாவாக, கறுப்பாக ஆவது. தலையில் அடிபடுவது, வோபரின் குடிப்பவருக்கு வெளிக்காயம் இல்லாவிட்டாலும். முகம் கோணுவது, ஒரு கை விழுவது. ஒரு கால் சடுதியாகக் குளிர்ந்து வெளுத்து நோவது: குடலில் சிக்கிய மாதிரிக் கட்டி காலிலும் சிக்கும். எதற்கும் 1990தான். டயக்னோசிஸ் காட்டையும் ஐ.என்.ஆர் புத்தகத்தையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் மாட்டி வையுங்கள்.